டிஸ்க் வலி: ஃபிலிமைப் பார்த்துப் பயப்படாதீர்கள், காலைக் கவனியுங்கள்

பேரணாம்பட்டில் தரையில் குனிந்து பீடி சுற்றுகிறவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து தைக்கிறவர்கள், குடியாத்தம் தறிக்காரர்கள் என்று நம் பக்கத்தில் இடுப்பு வலி இல்லாத வீடு குறைவு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். முன்னால் வளைந்தே உட்கார்ந்திருந்தால் அதன் பின்பக்கத்துக்கு இழுவை கூடும். வெளி வளையத்தில் கீறல் விழுந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கும். பெரும்பாலும் இடுப்பின் அடிப்பக்கம், எல்4–எல்5, எல்5–எஸ்1 என்று டாக்டர்கள் குறிக்கும் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான். அங்கே நரம்பு அழுந்தினால் வலி பிட்டத்திலிருந்து பாதம் வரை இழுக்கும்.

வலி வந்த மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பத்தில் மூன்று பேருக்கு டிஸ்க் புடைப்பு தெரியும். 80 வயதில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். காலில் பலம் குறையவில்லை, சிறுநீரில் கோளாறு இல்லை என்றால் ஆறு வாரம் பொறுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே வலி தணிந்துவிடும். பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. பெரிதாகப் பிதுங்கியதுதான் அதிகம் சுருங்கவும் செய்கிறது.

ஆகவே டிஸ்கை உள்ளே தள்ளிவிடலாம் என்று யாரையும் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்ல வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடம் போய்ச் சட்டென்று திருகிவிடவும் சொல்லாதீர்கள். அதில் பிதுக்கம் கூடி, அதுவரை வலித்த கால் மரத்தும் போகலாம்.

படுத்தே கிடப்பதும் தவறுதான். ஓய்வு ஒன்றிரண்டு நாள் போதும். பிறகு ஐந்து பத்து நிமிடமாக, ஒரு நாளைக்குப் பலமுறை நடங்கள். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே வேண்டாம். இரவு முழுக்கத் தண்ணீர் ஏறி டிஸ்க் உப்பியிருக்கும் நேரம் அது. வாசல் பெருக்குவது, கோலம், துணி அலசுவது எல்லாம் அப்புறம். காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து சுமார் 30 கிலோ. அதைத் தூக்காமல் சாய்த்து உருட்டுங்கள்.

பயிற்சியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வீடியோ பார்த்துக் காலைத் தொடக் குனிவது இந்த வலிக்கு ஆகாது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம் இருங்கள். ஒத்துக்கொண்டால், உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். இடுப்பு பாயிலேயே இருக்க வேண்டும். பத்து முறை, இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி இடுப்பில் நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல குறி, தொடருங்கள். வலி இன்னும் கீழே இறங்கினால் அன்றே நிறுத்திப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இடுப்பு வலி கூடிவிட்டதே என்று பயந்து, சரியாகப் போய்க்கொண்டிருப்பதைக் கைவிடுவது நிறையப் பேர் செய்கிற தவறு.

மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இடுப்பில் கட்டும் பெல்ட் பஸ் பயணத்துக்கு மட்டும் போதும்.

வாரம் இரண்டு முறை சுவரோரம் நின்று குதிகாலால் பத்தடி, பிறகு முன்பாதத்தால் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் பாதம் தொய்ந்தாலோ குதிகால் எழும்பாவிட்டாலோ நரம்பு பலம் இழக்கிறது. ஆறு வாரக் கணக்கெல்லாம் அப்போது செல்லாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம்.

சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, இரண்டு காலும் தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவிலேயே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போங்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை அழுந்துவதன் அறிகுறி இது; அந்த அழுத்தத்தை ஓரிரு நாளுக்குள் எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.