ஊரை விட்டால் போதும் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வெளிநாடு போகத் துடிக்கும் இளைஞர்களிடம் "எந்த நாடு?" என்று கேட்டால், பலருக்குப் பதில் தயாராக இருப்பதில்லை. ஏன் போக வேண்டும் என்பதற்கு மட்டும் மூச்சு விடாமல் பதில் வரும். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி, கார்த்திகை பிறந்தால் புயல் பயம், தெருமுனையில் "என்ன தம்பி, இன்னும் வேலை அமையவில்லையா?" என்ற விசாரணை. எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் இவற்றை வைத்து ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கேயாவது போனால் போதும் என்று வந்து நிற்பவனை, எங்கே ஆள் தேவையோ அங்கே தள்ளிவிடுவது ஏஜெண்டுக்கு எளிது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறப்பவை.

முதலில் பணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் ஊரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுக்கவும் செய்கிறோம். ரசீது கேட்டால் "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் மாமா முறையோ சித்தப்பா முறையோ ஆனவர், பதிவு பெற்ற யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகர். அப்படிப்பட்ட துணை ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உறவு கெட்டாலும் பரவாயில்லை என்று ரசீது கேட்பதே நல்லது. பணம் போனால் உறவும் சேர்ந்துதான் போகப்போகிறது.

சிங்கப்பூர் போகிறவர்கள் கையில் வரும் ஐ.பி.ஏ. கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, விசா வந்துவிட்டதாகக் கொண்டாடிவிட்டுப் பையில் வைத்துவிடுகிறார்கள். வரி வரியாகப் படிக்க வேண்டிய தாள் அது. முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையில் ஓவர்டைம் கலந்திருக்கும். தாளில் இருக்கும் அடிப்படைச் சம்பளம் அதைவிடக் குறைவாக இருக்கும். கடன் தவணையைக் கணக்கிட வேண்டியது இந்தச் சிறிய தொகையை வைத்து. தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் 'லெவி' முழுக்க முதலாளியின் பொறுப்பு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். அந்நாட்டு ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான். 'வொர்க் பெர்மிட்'டில் போகிறவர் மனைவி மக்களை அங்கே குடியமர்த்த முடியாது என்பதைப் பெண் பார்க்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

வளைகுடாவுக்கு விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அடுத்த பொறி. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு, சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளில் வேலை செய்யக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த வழியில் போனால் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயமாகக் கூடவே வரும். இரண்டாண்டுக்கான பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போனவருக்கு அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை, சம்பளம் வராவிட்டால் காட்ட ஒப்பந்தமும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடியில் ஈடுபடுத்துகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. இன்னமும் ஆட்கள் அகப்படுகிறார்கள்.

புதுச்சேரிக்கே உரிய தவறு ஒன்று உண்டு: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வரன். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் இங்கே இன்றும் இருக்கிறார்கள். சொல்தா வீட்டுச் சம்பந்தம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டுச் சம்பந்தம் என்றால் தனி மவுசு. தாலி கட்டியதும் பாஸ்போர்ட் கிடைக்கும் என்று நினைத்துச் சீர் பேசுகிறவர்களை என்னவென்று சொல்வது! திருமணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. முடிந்த திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குடியுரிமை கோர நான்கு ஆண்டு இல்லற வாழ்வு வேண்டும். பிரான்சில் தொடர்ந்து மூன்று ஆண்டாவது வாழ்ந்திராவிட்டால் ஐந்து ஆண்டு. பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். அதற்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலாப் பயணிகளிடம் பழகிய நாலு வார்த்தை போதாது. கடைசியில் குடியுரிமை கிடைத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். அதை வைத்து வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது.

பெயர் விவகாரம் சின்னதுதான், ஆனால் விமான நிலையத்தில் கழுத்தைப் பிடிக்கும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறு எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தாளிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

போகிற அவசரத்தில் நிலத்தை மறந்துவிடுகிறோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருக்கிறவர், போன பின்பும் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டில் குடியேறிய பிறகு பக்கத்துத் தோப்பை வாங்க முடியாது. சொந்தத் தோப்பைக் கவனிக்க ஒருவருக்கு அங்கிருந்து பவர் எழுதினால், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தவறினால் சிக்கல்தான். ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பதிவு செய்துவிடலாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, குத்தகை விடவும் வரி கட்டவும் மட்டும் உரிமை கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை அண்ணனுக்கே ஆனாலும் எழுதாதீர்கள்.