பிள்ளை வீட்டில் ஆறு மாதம்: இங்கிலாந்து புறநகருக்குக் கிளம்பும் நம்ம ஊர் பெற்றோருக்கு

கிருஷ்ணகிரியில் கிளம்பி, ஓசூர் தாண்டி, பெங்களூரில் விமானம் ஏறி லண்டனில் இறங்குகிற வரைக்கும் எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், விசா, டிக்கெட், ஏர்போர்ட் வீல்சேர் உட்பட. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை அந்த வீட்டில், அந்தத் தெருவில் எப்படிப் பொழுதை ஓட்டுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. "ஒருத்தர் மூஞ்சியும் தெரியல, எப்போடா ஊருக்கு வருவோம்னு இருக்கு" என்று போனில் அழுத அம்மாக்கள் நம்ம காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் நிறையப் பேர். நான் போய் இருந்தது லண்டனுக்குத் தென்மேற்கே வூஸ்டர் பார்க்கில், மகன் வீட்டில். மற்ற புறநகர்களும் ஏறக்குறைய இதே அச்சுதான் என்பதால் இது உங்களுக்கும் பொருந்தும்.

முதலில், எந்த மாதம் போவது. விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம், அதை ஏப்ரலில் தொடங்குங்கள். ஜூன் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும், டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிவிடும், வெளியே கால் வைக்கவே மனசு வராது. ஏப்ரலில் போனால் மாங்காய் சீசன் போச்சே என்பீர்கள், நியாயம்தான். தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சொந்தமாக ஆள் விட்டுப் பறிக்கிறவர்கள் ஆகஸ்டில் போனால்கூட முதல் ரெண்டு மாதம் வெளிச்சம் கிடைக்கும், அதற்கப்புறம் வீட்டுக்குள் அடைபடத் தயாராக இருக்க வேண்டும். என் ஓட்டு ஏப்ரலுக்குத்தான். மாம்பழ ஆசை வந்தால் அங்கே இந்தியக் கடைகளில் அல்போன்சா, கேசர் கூழ் டின்னில் விற்கிறார்கள். நம்ம பக்கத்து ஃபேக்டரிகளில் பெங்களூரா மாங்காயைக் கூழாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்களே, அதே சமாச்சாரம்.

வீடுகள் பெரும்பாலும் ரெண்டு ரெண்டாக ஒட்டி நிற்கும், நடுச்சுவர் பொது. 1930கள் வாக்கில், ரயிலும் ரோடும் போன திசையிலெல்லாம் லண்டன் பெருத்தபோது வரிசையாகக் கட்டியவை. முன்னால் ஒரு துண்டுத் தோட்டம், பின்னால் நீளமான தோட்டம், வாசலில் கார், மனுஷ நடமாட்டம் மட்டும் இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்து பழகின காதுக்கு முதல் சில நாள் பந்த் நடக்கிற மாதிரியே இருக்கும். ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்குள்ளோ பின்தோட்டத்திலோதான். வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கும் பழக்கம் அங்கே கிடையாது, அதனால் உங்களைப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படியேறுவது நமக்குக் கேட்கிறது என்றால், நாம் இஞ்சி பூண்டு இடிப்பதும் அவர்களுக்குக் கேட்கும். ராத்திரி 11 மணியிலிருந்து காலை 7 வரை சத்தமே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள், புகார் போனால் கவுன்சிலிலிருந்து (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) விசாரிப்பார்கள். நமக்கோ அஞ்சு மணிக்கு விழிப்பு வந்துவிடும், போன புதிதில் மூணு மணிக்கே வரும். சுப்ரபாதத்தை இயர்போனில் கேளுங்கள், மிக்ஸியை ஏழுக்கு மேல் போடுங்கள்.

அடுத்தது வாசல் கதவு. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பல வீடுகளில் கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. பால் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே போவீர்கள், காற்றடித்துக் கதவு சாத்தும், போன் உள்ளே, அடுப்பில் குக்கர், மகன் வேலைக்கு வாட்டர்லூ போகிற ரயிலில். அதனால் போன அன்றைக்கே ஒரு சாவியை நூலில் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டோடு பழக்கம் தொடங்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்காது, சில வீடுகளில் கார்ப்பெட்டே போட்டிருப்பார்கள். பக்கெட் வைத்து மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் கீழ்த்தளத்துக் கூரையில் இறங்கும், அதாவது உங்கள் ஹால் கூரையிலேயே. தொட்டிக்குள் நின்று, திரையை உள்பக்கமாக விட்டுக் குளியுங்கள். லைட்டுக்கு ஸ்விட்சைத் தேடாதீர்கள், மேலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுக்க வேண்டும். சமையலறையில் வரமிளகாய் தாளிக்கும்போது விசிறியை முன்கூட்டியே போட்டு, ஹால் பக்கக் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறித் தெருவையே கூட்டிவிடும்.

குப்பைப் பொறுப்பை அப்பாக்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டுக் கழிவுக்கு ஒரு சின்ன டப்பா, காகிதம் பாட்டிலுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. எந்த நிறத்தில் எது, எந்த வாரம் எதை எடுப்பார்கள் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். சாப்பாட்டு டப்பாவின் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டாவிட்டால் ராத்திரி நரி வந்து கொட்டிவிட்டுப் போகும். ஆமாம், நரிதான், லண்டன் தெருக்களில் பூனை மாதிரி சர்வசாதாரணமாகத் திரிகிறது. முந்தின நாள் சாயங்காலம் டப்பாவை வாசலுக்கு இழுத்து வைக்கும்போதுதான் எதிர்வீட்டுக்காரரும் வெளியே வருவார், பேச்சுக் கொடுக்க அதுதான் நேரம். "ஆல்ரைட்?" என்பார். மூட்டு வலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், நீங்களும் "ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினால் போதும். வீட்டு வாடகை, மகன் சம்பளம், உங்களுக்கு ஏன் குழந்தை இல்லை, இதெல்லாம் நம்ம ஊரோடு வைத்துக்கொள்வோம்.

பகல் பொழுதுக்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து நடை, அதுவும் தினம் ஒரே நேரத்தில், ஒரே வழியில். பத்து மணிக்குப் பூங்கா என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்துக்கு நாயைக் கூட்டி வருகிறவர்கள் சில நாளில் கையசைக்க ஆரம்பிப்பார்கள், அப்புறம் நின்று பேசுவார்கள், நாய் பெயர்தான் முதலில் தெரியும், ஆள் பெயர் கடைசியில். பெஞ்சுகளில் பித்தளைத் தகடு பதித்து யாரோ இறந்தவர் பெயர் இருக்கும், உட்காரலாம், தப்பில்லை. மழை என்றால் கவுன்சில் நூலகம்: உள்ளே போக, உட்கார்ந்து படிக்கக் காசில்லை, கதகதப்பாக இருக்கும், குழந்தைகளுக்குப் பாட்டுப்பாடும் நேரமும் பல இடங்களில் உண்டு, பேரனைக் கூட்டிப் போகலாம். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ரோட்டைக் கடக்க நின்றால் கார்கள் நின்றுவிடும். நம்மால் நம்ப முடியாமல் கார் போகட்டும் என்று காத்திருப்போம், ஓட்டுகிறவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், தயங்காமல் நடங்கள். லண்டன் பஸ்ஸில் 2014லிருந்து காசு வாங்குவதில்லை, கார்டைத் தட்ட வேண்டும், அதனால் மகனிடம் ஒரு கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நிறுத்தக் கை காட்ட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு நாளாவது தமிழ் காதில் விழட்டும். வூஸ்டர் பார்க்கிலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் விம்பிள்டன், அங்கே கணபதி கோயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் டூட்டிங் போனால் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக. களிக்குக் கேழ்வரகு மாவு வேண்டுமென்றால் "குரக்கன் மா" என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், அவரை எல்லாம் உண்டு, விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கச் சட்டம், சாயங்காலம் போய் நிற்காதீர்கள்.

பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நீங்கள் போவதாக இருந்தால், முன்கூட்டியே மகனோ மருமகளோ பள்ளியில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். தாத்தா என்று சொன்னால் மட்டும் டீச்சர் பிள்ளையை அனுப்ப மாட்டார். வாசலில் நிற்கும் மற்ற குழந்தைகளைக் கன்னம் கிள்ளுவது, சாக்லேட் கொடுப்பது, போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம். காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது, 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை அதற்கென்று சீட் கட்டாயம்.

உடம்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கிளம்பும் முன்பே, இருக்கிற சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் சொல்லி டிராவல் இன்ஷூரன்ஸ் எடுங்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை, ஆனால் விசிட்டரை வார்டில் சேர்த்துவிட்டால் பில் வரும், அதுவும் அவர்கள் கணக்குப்படி ஆகும் செலவில் ஒன்றரை மடங்கு. ஆறு மாத மாத்திரையை டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். உயிர் போகிற அவசரத்துக்கு 999, என்ன செய்வது என்று கேட்க 111. பெட்டியில் புளி, வரமிளகாய், பருப்புப் பொடி வைக்கலாம். நெய், பால்கோவா, கருவாட்டு ஆசையில் உப்புக்கண்டம் என்று எடுத்துப் போகாதீர்கள், இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் உள்ளே விடுவதில்லை.

கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் அஞ்சரை. ஊரில் தங்கச்சிக்குப் போன் போடுவதை அங்கே பகல் ரெண்டு மணிக்குள் முடியுங்கள், அப்புறம் அவர்கள் இட்லிக்கு ஊற்றுகிற நேரம்.

தீபாவளிக்கும் அங்கேயே இருக்க நேர்ந்தால் பட்டாசு இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். சாதாரண நாளில் ராத்திரி 11 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது, தீபாவளி அன்றைக்கு ஒரு மணி வரைக்கும் சட்டமே அனுமதிக்கிறது. தெருவில் கூடாது, பின்தோட்டத்தில்தான். பக்கத்து வீட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டு, ஒரு டப்பா முறுக்கும் கொடுத்துவிடுங்கள், ராக்கெட்டைத் தவிர்த்துப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அவர்கள் ரோஜாச் செடிக்குள் குச்சி பொறுக்க வேண்டியிருக்கும்.