லடாக் சாலைப் பயணம்: எங்கே தூங்குவது என்பதிலிருந்து திட்டம் போடுவது எப்படி?

முதல் முறை லடாக்கின் முக்கிய நகரமான லே போனபோது நான் போட்ட திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. மணாலியிலிருந்து லே சுமார் 430 கிலோமீட்டர். பாதி வழியில் சர்ச்சு. அங்கே கூடாரத்தில் ஓர் இரவு, மறுநாள் லே. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சர்ச்சுவில் இறங்கியபோது நானும் மைத்துனரும் நன்றாகத்தான் இருந்தோம். நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரவு பதினோரு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி. கண் அசந்தால் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பு. நாலு மணிக்கு மைத்துனர் கூடாரத்துக்கு வெளியே குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மணாலி 2,050 மீட்டர், சர்ச்சு ஏறக்குறைய 4,300. நான் கிலோமீட்டரைப் பாதியாக வகுத்தேனே தவிர, இதைப் பார்க்கவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் திட்டத்தைத் தூங்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 1: மாதம்

மணாலி சாலையில் பனியை வெட்டி எடுத்துத் திறக்க முன்பெல்லாம் மே கடைசி, ஜூன் ஆகிவிடும்; அண்மை ஆண்டுகளில் சற்று முன்னதாகவே திறக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் இமாச்சலப் பக்கம் மழையும் மண்சரிவும். என் ஓட்டு செப்டம்பருக்கு. கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

படி 2: எந்தப் பக்கமாக ஏறுவது

ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் வழியிலும் ஜோஜி லா (3,528 மீட்டர்), ஃபோட்டு லா (4,108 மீட்டர்) என்று கணவாய்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கடந்து கீழே இறங்கித்தான் தூங்குகிறோம். உடம்புக்கு வேண்டியது அதுதான். ('லா' என்றாலே அங்கே கணவாய்தான். 'ஜோஜி லா கணவாய்' என்பது 'நடுசென்டர்' மாதிரி. நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.)

படி 3: தூங்கும் உயரப் பட்டியல்

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாக.

மேலே போகப் போக ஆக்சிஜன் 'இல்லாமல்' போவதில்லை. காற்றில் அதன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். லேயில் இழுக்கும் ஒரு மூச்சில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் கிடைக்கும். 5,500 மீட்டரில் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கணக்கில். மருத்துவர்கள் சொல்லும் பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் கூடுதல் இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட உயரமாகப் போய்வருவதில் அவ்வளவு சிக்கல் இல்லை.

உயர நோய் உடனே காட்டிக்கொடுக்காது என்பதுதான் ஏமாற்று வேலை. போய்ச் சேர்ந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் வரும். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது நாங்கள் 'நல்லாத்தானே இருக்கோம்' என்று நினைத்தது இதனால்தான்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி: இடம், உயரம், முந்தைய இரவிலிருந்து வித்தியாசம். எக்செல் வேண்டாம், வண்டியில் உட்கார்ந்து அடித்துத் திருத்த நோட்டுதான் வசதி. என் இரண்டாவது பயணத்தின் பக்கம் இது:

ஸ்ரீநகர்: 1,585
கார்கில்: 2,676, கூடுதல் 1,091
லே: 3,500, கூடுதல் 824
லே: 0
லே: 0
ஹுண்டர் (நூப்ரா): சுமார் 3,100, குறைவு 400
ஹுண்டர்: 0
லே: 3,500, கூடுதல் 400
பாங்காங் ஏரி: சுமார் 4,250, கூடுதல் 750

லேயில் 824 என்பது விதியை மீறுகிறது. அதனால்தான் அங்கே மூன்று இரவு. பாங்காங் கடைசியில் வருவதும் அதனால்தான். நூப்ரா போகும் வழியில் கார்துங் லாவில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அங்கிருந்த பழைய பலகை 18,380 அடி என்று சொன்னது. ஜிபிஎஸ் அளவு 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. போட்டோவுக்குப் பலகை நல்லது, நோட்டில் ஜிபிஎஸ் கணக்கை எழுதுங்கள்.

இன்னொரு பத்தியைப் பிறகு சேர்த்தேன்: 'இறங்க வழி'. நிலைமை மோசமானால் ஒரே மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவில் அதுதான் முடியாது. பின்னால் பாரலாச்சா லா, முன்னால் லாச்சுங் லா. எந்தப் பக்கம் போனாலும் முதலில் இன்னும் மேலே ஏறியாக வேண்டும். அன்று விடியும்வரை மைத்துனரைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு நான் யோசித்தது இதைத்தான். மணாலி வழியாகத்தான் ஏறுவேன் என்பவர்கள் ஜிஸ்பாவில் (3,200) இரண்டு இரவு தங்கி, காலை நாலரைக்குக் கிளம்பி ஒரே மூச்சில் லே போய்விடுங்கள். சுமார் 330 கிலோமீட்டர். அலுப்பான நாள்தான், ஆனால் தூங்குவது 3,500இல்.

மாத்திரை: உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைட் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இதைச் சாப்பிட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். மது, தூக்க மாத்திரை இரண்டும் முதல் இரவுகளில் வேண்டாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கையில் பிடிக்கும் ஆக்சிஜன் டப்பா என் கணக்கில் வீண். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சரி, ஆனால் விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டிப் பயமுறுத்தும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

படி 4: நேரம், பெட்ரோல், ஓடை

கூகுள் மேப்ஸ் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். ஆஃப்லைனுக்கு ஆர்கானிக் மேப்ஸ்தான் என் விருப்பம், உயரக்கோடுகளும் தெரியும்.

மணாலி வழியில் டாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்தது 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய பலகை பிரபலம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் டேங்கை நிரப்பாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். கேனில் எடுத்துப்போனால் விளிம்புவரை ஊற்றாதீர்கள், மேலே போகப் போக உப்பும்.

சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் நனைந்த இடத்தில் மதியம் முழங்கால் நனையும்.

படி 5: வண்டி

டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும். ஏற்றத்தில் இழுக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், கியரைக் குறையுங்கள். இறக்கத்திலும் அதே கியர். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாடை வரும், அப்புறம் பிரேக்கே பிடிக்காது.

பிறகு சேர்த்தவை

விமானத்தில் லே இறங்கி அங்கே வண்டி எடுப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கார்கில் இரவு கிடையாது. ஆகவே லேயில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. சாந்தி ஸ்தூபி படிகளைக்கூட மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

நூப்ராவிலிருந்து ஷியோக் வழியாக நேரே பாங்காங் போன ஒருவர் தலைவலியோடு எழுதியிருந்தார். அந்த வழி அழகு, ஆனால் ஒரே நாளில் 1,100 மீட்டருக்கு மேல் கூடுகிறது. அப்படித்தான் போவீர்கள் என்றால் ஏறக்குறைய 4,000 மீட்டரில் இருக்கும் டாங்சேயில் தங்கி, ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதை நான் எழுதவே மறந்துவிட்டேன்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஜோஜி லா தாண்டிய பிறகு தெரிந்து பயனில்லை, வீட்டிலிருக்கும்போதே ஒரு போஸ்ட்பெய்ட் சிம் வாங்கிவிடுங்கள்.