விடையின் அலகை முதலில் எழுதுங்கள்

கணக்கைத் தொடுவதற்கு முன்பே, விடை எந்த அலகில் வர வேண்டும் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அடர்த்தி கேட்டிருந்தால் கிராம்/கன செ.மீ. நிறை 540 கிராம், கன அளவு 200 கன செ.மீ. என்றால் எதை எதால் வகுப்பது என்பதை அந்த அலகே சொல்லிவிடும்: விடை 2.7. மாற்றி வகுத்தால் அலகும் தலைகீழாகும், தவறு உடனே கண்ணில் படும். சூத்திரம் மறந்துபோகும் தேர்வு நேரத்தில் இது பெரிய துணை. நிமிடமும் மணியும் கலந்து வந்தாலும் முதலிலேயே மாற்றிக்கொள்ளத் தோன்றும். என் பார்வையில் இதுதான் முக்கியப் பயன்.

ஆனால் இயக்க ஆற்றலில் வரும் ½ போன்ற வெறும் எண்ணை விட்டுவிட்டால் அலகு காட்டிக்கொடுக்காது. அதை நினைவில் வைத்தே ஆக வேண்டும். நிகழ்தகவு, நிரூபணக் கணக்குகளுக்கு இந்த வழி உதவாது.