மேக்ரோ பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? செல்லைப் பாருங்கள்

பாஸ்வேர்ட் போட்ட எக்செல் ஃபைல், கையால் திறந்தால் திறக்கிறது, மேக்ரோவில் (எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) மட்டும் 1004 பிழை காட்டி நின்றுவிடுகிறதா? பாஸ்வேர்டை ஒரு செல்லிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், நான் முதலில் அந்தச் செல்லைத்தான் சந்தேகப்படுவேன். 0457 என்று தட்டியதும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சைபரை விழுங்கிவிடும். மேக்ரோவுக்குப் போவது வெறும் 457. செல்லை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் பாஸ்வேர்டை மறுபடி தட்டுங்கள். ஃபார்மட்டை மாற்றினால் மட்டும் போன சைபர் திரும்பி வராது. காப்பி பேஸ்ட் செய்திருந்தால் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

சரி, பிழை வரவில்லை, ஆனாலும் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வருகிறதா? ஃபைலைத் திருத்துவதற்குத் தனி பாஸ்வேர்ட் போட்டிருப்பார்கள். அதை மேக்ரோவில் ஃபைலைத் திறக்கும் ஓப்பன் (Open) கட்டளையில் 'ரைட்ரெஸ்பாஸ்வேர்ட்' (WriteResPassword) என்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.