காதுகுத்துக்கு நாள் குறிக்கும் முன்

சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, பிள்ளைக்குக் காது குத்துவது மட்டும் சொந்த ஊரில்தான் என்று கிளம்பி வருகிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடிக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் எந்தக் கடற்கரை ஊராக இருந்தாலும் இந்த இரண்டும் போதாது. ஜோசியர் சொன்ன நேரம் குழந்தைக்கு நல்ல நேரமாக இருக்கலாம். வரவேண்டியவர்களுக்கும் அது தோதுப்படுமா என்று பார்ப்பது விசேஷ வீட்டுக்காரர் வேலை. சமையல், பந்தல், மைக் செட் எல்லாம் காசு கொடுத்தால் நடந்துவிடும். நாள் தப்பினால் பாதிப் பந்தி காலியாகக் கிடக்கும், "எங்களைக் கேட்டா வச்சாக" என்ற பேச்சு பல வருசத்துக்கு ஓடும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். மீனை இறக்கி, ரகம் பிரித்து, எடை போட்டு, ஐஸ் வைத்து, ஆளுக்கு உரிய பங்கைக் கணக்குப் பார்த்து வீட்டுக்கு வந்து குளிப்பதற்குள் உச்சி வெயில் ஆகிவிடும். நீங்கள் ஒன்பதரைக்கு முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்தால் அந்த வீடுகளிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள், ஆண்கள் கை கழுவுகிற நேரத்தில் வந்து நிற்பார்கள். அதனால் உங்கள் ஊரில் படகு எந்தக் கிழமை போகிறது, எப்போது திரும்புகிறது என்று மீனவர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். காற்று எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று வந்தால் கிழமை மாறும், அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பள்ளிக்கூட லீவும் அதற்குள்ளேதான் வருகிறது, ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், இதைவிட நல்ல காலம் உண்டா என்று வெளியூரில் இருப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலை வாங்குவார்கள், நகை அடகுக்குப் போகும். தடைக்காலத்தில் வைத்தால் ஆள் வரும், மொய் வராது. மொய்யைக்கூட விடுங்கள், செய்முறை செய்ய வழியில்லாமல் வருகிறவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் அந்தச் சங்கடத்துக்காகவே வராமல் இருந்துவிடுவார்கள். தடை முடிகிற மறுநாள் ஏறக்குறைய ஆனி முதல் தேதி. இரண்டு மூன்று தடவை படகு போய் வந்து கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்த பிறகு, ஆடி பிறப்பதற்குள், ஆனி பின்பாதியில் வைப்பதுதான் கடல் தொழில் வீடுகளுக்குத் தோதான காலம் என்பது என் கணக்கு. அதை விட்டால் ஆவணி.

முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சம்பந்தம் இருந்தால் கணக்கு வேறு. அங்கே மழையை நம்பிய நெல், தையில் அறுப்பு. அதற்குப் பின்னால் மிளகாய் பழுக்கும், பறிக்க ஆள் கிடைக்காத காலம் அது. மிளகாயைக் களத்தில் காயப்போட்டுவிட்டு யாரும் ஒரு நாள் முழுக்க வந்து உங்கள் வீட்டுப் பந்தலில் உட்கார மாட்டார்கள். காலையில் வந்து மொய் எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் அக்கம்பக்கம். இந்தக் கரையில் ஒரே தெருவில் மூன்று மார்க்கத்தாரும் இருப்பது அதிசயமில்லை, விசேஷத்துக்கு அவர்கள் வரவில்லை என்றால்தான் அதிசயம். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது, கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நீளும். இப்போதைய ஆண்டுகளில் இரண்டும் மாசியை ஒட்டியே வருகின்றன. நோன்பு பிடிக்கிற பாய் வீட்டைப் பகல் விருந்துக்குக் கூப்பிடுவதும், தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கிடாக்கறி போடுவதும் கூப்பிடாமல் விட்டதைவிட மோசம். ரமலான் இல்லாத மாதத்திலும் வெள்ளிக்கிழமை மதியப் பந்தி வேண்டாம், ஜும்மா முடிந்து அவர்கள் வருவதற்குள் நீங்கள் அண்டாவைக் கவிழ்த்திருப்பீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றும் நிரம்பி வழியும், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, லாட்ஜில் அறை கிடைக்காது. தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் என்றால் ஜூலை 25 வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவை ஒட்டி எதுவும் வைக்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

கிடா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாய்மாரும் கறி சாப்பிட வேண்டும் என்று நினைத்தால் அறுக்கிறபோதே பள்ளிவாசல் பக்கமிருந்து ஒருவரை அழைத்து அறுக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். ஆனால் குலசாமிக்கு வெட்டின கிடா என்றால் அது படையல், அதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஆகவே கோயில் கிடா கோயிலோடு, பங்காளிகளோடு முடியட்டும், ஊர் விருந்துக்குத் தனிக் கிடா, தனி அடுப்பு, தனிப் பாத்திரம். இதைச் செய்துவிட்டு, "மாமி, இது தனியா அறுத்தது, நீங்க தாராளமா சாப்பிடலாம்" என்று வீட்டுப் பெண் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் கேட்க மாட்டார்கள், ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள்.

நாள் முடிவாகிவிட்டால் ரயிலைப் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், சென்னை வண்டியில் நல்ல நாளுக்கு டிக்கெட் அன்றைக்கே தீரும். அதனால் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கும் முன்பே போனில் தேதியைச் சொல்லிவிடுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மண்டபத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடியும் ராமேசுவரம் தீவுக்குள்ளேயே வந்து இறங்கலாம், இன்னமும் மண்டபத்துக்கு வேன் அனுப்பவா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அழைக்கிறபோது வாட்ஸப் பத்திரிகை போதும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உள்ளூரில் வீடு ஏறி வெற்றிலைபாக்கு வைக்க வேண்டும். போகும் முன் ஊரில் இருக்கும் அத்தாச்சி ஒருவரை உட்கார வைத்து, கடைசியாக நீங்கள் வந்துபோன பிறகு எந்தெந்த வீட்டில் கேதம், அதாவது சாவு, நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேதம் விசாரிக்காத வீட்டில் நல்ல காரியத்துக்குத் தாம்பாளத்தை நீட்டக் கூடாது. ஒரு நாள் முன்னால் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து, இன்னொரு நாள் பத்திரிகையோடு போங்கள். இரண்டையும் ஒரே நடையில் முடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டுப் பெரிய மனுசி முகத்தையும் பார்த்திருக்கிறேன். விசேஷத்துக்கு முதல் நாள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் மைக்கை அவிழ்த்துவிடுங்கள், சாப்பாடு மட்டும் நடக்கட்டும். ஊர்க்காரர் படகை இலங்கைக் கடற்படை பிடித்துவைத்திருக்கும் நாட்களிலும் அப்படியே, ஆட்டம் பாட்டம் வேண்டாம்.

பிளெக்ஸ் பற்றி என் கருத்து: குழந்தை படத்தைத் தவிர வேறு யார் படமும் போடாதீர்கள். ஒரு சித்தப்பா படத்தைப் போட்டால் பதினாறு சித்தப்பா கேட்பார்கள்.

தாய்மாமன் விவகாரத்தை ஆரம்பத்திலேயே பேசித் தீர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாமன் இருந்தால் மூத்தவர் மடியில் குழந்தை, இளையவர் மாலையும் உடுப்பும் என்று பங்கு வைத்துக்கொள்வதுண்டு. மூத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதால் இளையவர் மடியில் வைக்கலாமா என்று கேட்டால், கூடாது, முதலில் போய்ச் சமாதானம் பேசுங்கள், சண்டை தீர்வதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சீரை வேனில் கொண்டுவருகிறார்களா, தெருமுனையிலிருந்து மேளத்தோடு நடந்து வருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நடந்து வருகிறார்கள் என்றால் எதிரே போய் அழைக்க வீட்டு ஆண்கள் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் சமையல்காரரோடு கணக்குப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

காது குத்துகிற வேலை ஐந்து நிமிடம்தான். காலையிலேயே குலசாமி கோயிலில் மொட்டை அடித்துவிட்டால் பிள்ளை அழுது களைத்திருக்கும், பால் கொடுத்து ஒரு தூக்கம் போட வைத்துவிட்டு உட்கார வையுங்கள். ஆசாரி இரண்டு காதிலும் சரிமட்டமாகப் புள்ளி வைத்திருக்கிறாரா என்று எதிரே நின்று பாருங்கள். அன்றைக்கோ மறுநாளோ ஆசைக்குக் கடலில் குளிப்பாட்ட வேண்டாம்.

தண்ணீருக்குத் தனியாக ஒரு ஆளைப் போடுங்கள். கரையோரக் கிணறுகளில் முக்கால்வாசி உவர்ப்பு, அந்தத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது, சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. சமையலுக்கும் குடிக்கவும் நல்ல தண்ணீர் லாரி, கை கழுவவும் பாத்திரம் விளக்கவும் கிணற்றுத் தண்ணீர் என்று முன்னாலேயே பிரித்துவிடுங்கள். ஆனி, ஆவணியில் வைத்தால் கச்சான் காற்று இருக்கும், மேற்கு, தென்மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் பந்தல் போட்டால் இலையில் சோற்றுக்கு முன்னால் மணல் விழும். அந்தப் பக்கம் தகரமோ ஓலைத் தட்டியோ வைத்து அடைத்து, அடுப்பையும் அதன் மறைவில் போடச் சொல்லுங்கள். கல்யாண மண்டபம் கிடைத்தால் அதுவே மேல்.

விருந்துக்கு மீன் போடலாமே, கடற்கரை ஊர்தானே என்று வெளியூர் மருமகன் யாராவது யோசனை சொல்வார். தினமும் மீன் தின்கிறவனை மீன் போட்டு அழைத்தால் எவன் வருவான்? பந்திக்கு ஆட்டுக்கறிதான். முதல் நாள் ராத்திரி வந்து தங்குகிறவர்களுக்கு மட்டும் பாறையோ விளைமீனோ வாங்கிக் குழம்பு வைத்துப் போடுங்கள், மதுரைக்காரர்கள் அதைத்தான் அடுத்த வருசம் வரை பேசுவார்கள். சைவக்காரர்களுக்கு ஒரு வரிசை தனியாக, அவ்வளவுதான்.

மொய்க்கு வருவோம். பழைய மொய் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, உங்கள் வீட்டுக்கு யார் யார் செய்திருக்கிறார்கள், அதில் யாருக்கு நீங்கள் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்று பத்திரிகை வைக்கப் போகும் முன்பே பாருங்கள். பாக்கி இருக்கிற வீட்டுக்கு இன்னொரு முறை மொய் வாங்கப் போகிறீர்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எழுத இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எழுத, ஒருவர் எண்ணிப் பையில் போட. எழுதுகிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஊர் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தெருவில் நாலு முனியசாமி, மூன்று அந்தோணி, ஐந்து சாகுல் ஹமீது இருக்கிற ஊரில் "முனியசாமி 501" என்று எழுதிவைத்தால் அது யார் என்று பின்னால் தெரியவே தெரியாது. ஊர், தகப்பன் பேர், பேர், பட்டப்பேர், தொகை, இந்த ஐந்தும் வேண்டும். பட்டப்பேரை அவர் முன்னால் கேட்டு எழுத வேண்டாம், அவர் நகர்ந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். ஜிபேயில் வருவதை அன்று ராத்திரியே நோட்டில் ஏற்றிவிடுங்கள், போனிலேயே இருக்கிறதே என்று விட்டால் அது மொய் ஆகாது, வெறும் பண வரவாகிக் கிடக்கும். அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டை என்று பொருளாக வந்ததையும் எழுதுங்கள்.

தொகையை மைக்கில் வாசிக்கிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது. ஐயாயிரம் எழுதியவருக்கு அது பெருமை, நூற்றி ஒன்று எழுதிவிட்டு இலையில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்குச் சோறு இறங்காது. வேண்டுமென்றால் பேரை மட்டும் வாசித்து நன்றி சொல்லுங்கள்.

பந்தி முடிந்ததும் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பையன்களை அனுப்ப வேண்டும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு, கைப்பிள்ளையோடு வர முடியாதவர்களுக்கு, கேதம் நடந்து வருசம் திரும்பாததால் வராதவர்களுக்கு. யார் யாருக்கு என்ற பட்டியல் காலையிலேயே சமையல்கட்டில் இருந்தால்தான் கறி மிஞ்சும், இல்லாவிட்டால் வெறும் சாம்பார்தான் போகும். மறுநாள் மொய் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அண்ணன் தம்பிகளுக்கு அனுப்பிவிட்டு, நோட்டைப் பாலிதீன் பையில் போட்டு வையுங்கள், உப்புக் காற்றில் நோட்டின் ஸ்டேபிள் பின் துருப்பிடித்துத் தாள் உதிர்ந்துவிடும். பாத்திரக் கடைக்குத் திருப்பும்போது கரண்டியை எண்ணிக் கொடுங்கள், குறைகிற கரண்டியைத் தெருவெல்லாம் தேடாமல் முதலில் அடுப்படி மணலைக் கிளறிப் பாருங்கள்.