நடுவில் எழுத்து, சுற்றிலும் கதை: ஒரு பழைய எழுத்துத் தாளை வீட்டிலேயே செய்யலாம்

18ஆம் நூற்றாண்டில் லண்டன் படக் கடைகளில் ஒரு பெரிய தாள் விற்றார்கள். நாலு ஓரமும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள், பெரும்பாலும் பைபிள் கதைகள். நடுவில் வெறும் வெள்ளை. பள்ளிக்கூடப் பையன் அதில் தன் ஆகச்சிறந்த கையெழுத்தில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் காட்டுவான். கட்டிய ஃபீஸுக்குப் பையன் என்ன கற்றான் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?

தேவையானவை: மை ஊறாத கெட்டியான ஏ3 தாள், தொட்டெழுதும் பேனா, கூர்மையான வளையும் நிப், கறுப்பு மை, பென்சில், ஸ்கேல், வாட்டர் கலர்.

1. நாலு பக்கமும் 6 செ.மீ. விட்டு நடுவில் ஒரு கட்டம் போடுங்கள். மேல் ஓரம் மட்டும் 9 செ.மீ. இருக்கட்டும். பெரிய படம் அங்கேதான் வரும்.

2. முதலில் எழுத்து, அப்புறம்தான் படம். அந்தக் காலப் பையனுக்கு இந்த வசதி கிடையாது. ஓரம் அச்சாகித்தான் வரும், நடுவில் மை கொட்டினால் தாளே போச்சு. நான் முதல் முறை இரண்டு நாள் உட்கார்ந்து ஓரத்துக்கு வண்ணம் தீட்டிவிட்டு, கடைசி வரியில் ஒரு சொட்டு விட்டேன். அந்தத் தாள் இன்னும் பீரோவுக்கு மேல் கிடக்கிறது.

3. மெல்லிய பென்சில் கோடுகள் போடுங்கள். சின்ன எழுத்தின் உயரம் 6 மி.மீ. போதும். எழுத்தின் சாய்வு படுக்கைக் கோட்டிலிருந்து சுமார் 55 டிகிரி. அதற்கும் அங்கங்கே சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

4. அன்றைய ஆங்கிலச் சாய்வுக் கையெழுத்தின் ('ரவுண்ட் ஹேண்ட்') சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. கீழே இறங்கும்போது அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஏறும்போது அழுத்தினால் நிப் தாளைக் குத்தி மையைத் தெறிக்கும். ரஃப் தாளில் ஒரு பக்கம் முழுக்க ஆங்கில 'o' மட்டும் எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் தடித்து, வலப்பக்கம் முடிபோல வந்தால் கை பழகிவிட்டது. இதில் அவசரப்படாதீர்கள்.

5. எழுத நாலைந்து வரி போதும். மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை அழியுங்கள்.

6. இனி படம். பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் கதை ஓரத்துக்கென்றே பிறந்தது. இடப்பக்கம் சொத்தைப் பிரித்து வாங்குவது, வலப்பக்கம் கூத்தடிப்பது, கீழே பன்றிகளோடு பசியில் உட்கார்ந்திருப்பது, மேலே பெரிதாக அப்பா கட்டியணைப்பது. வரையத் தெரியாதா? டிரேஸ் எடுங்கள். அந்தப் பையன்களும் படத்தை வரையவில்லையே, கடையில் வாங்கியதுதானே!

7. வண்ணம் கோட்டைத் தாண்டினால் கவலை வேண்டாம், பழைய தாள்களிலும் அப்படி வழிந்திருக்கும். கீழே பெயரும் தேதியும் அதே நிப்பில், அதே சாய்வில் வரட்டும்.